சோபாவுக்குப் பின்னால் ஒதுங்கிய குட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜிம்மி கலப்பினப் பெண் நாய்க்குட்டி. 8 வாரத்தில் தாயைப் பிரிந்து இந்த வீட்டுக்கு வந்தது. பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டபோது அதற்கு 11 வாரம். வீட்டில் கணவன், மனைவி, 11 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன், அப்புறம் பாட்டி. குடும்பம் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குட்டியின் பெயரும் மாற்றியதுதான்.

புகார் மூன்று. வெளியே அழைத்துப் போனால் சிறுநீர் கழிக்காமல் நிற்கிறது, உள்ளே வந்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கிறது. சாயங்காலமானால் பிள்ளைகளின் கை, கால், உடுப்பு நுனி எதையும் விடாமல் கடிக்கிறது. ராத்திரி அழுகை.

மூன்றுக்கும் வீட்டில் ஒரே விளக்கம் வைத்திருந்தார்கள்: திமிர். "வெளிய அரை மணி நேரம் நின்னாலும் ஒண்ணுக்குப் போக மாட்டேங்குது சார். உள்ள கால வச்ச உடனே சோபாவுக்குப் பின்னாடி ஓடிடுது. வேணும்னேதான் பண்ணுது" என்றார் அம்மா. கணவர் தலையாட்டினார். ஏற்கெனவே ஒருவர் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கழித்த இடத்தில் மூக்கை வைத்துத் தேய்க்கணும், கடித்தால் மல்லாத்திப் போட்டு அமுக்கணும், வீட்டில் யார் தலைவன் என்று குட்டிக்கு முதலிலேயே காட்டிவிடணும் என்பது அவருடைய முறை. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். விளைவு எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கீழே கிடந்த துணியை எடுக்க அம்மா கையை நீட்டியதும், நாலடி தள்ளி இருந்த குட்டி காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது.

அன்றைக்கு நான் எந்தப் பயிற்சியும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூக்கைத் தேய்ப்பது, அமுக்குவது, அடிப்பது மூன்றையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னேன். வயிற்றில் புழு இருந்தாலோ சிறுநீரில் கிருமி இருந்தாலோ எந்தப் பயிற்சியும் எடுபடாது. பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. சரி, அப்படியென்றால் பழக்கம்தான்.

தலைவன் கதைக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போகிற வீட்டிலெல்லாம் இதைக் கேட்கிறேன். ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947-இல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது இது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை நடக்கும், ஒன்று மேலே வரும். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக். காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு, அங்கே இருப்பது தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் அவரே எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை 11 வாரக் குட்டியின் மேல் போட்டு அமுக்குவதில் அர்த்தமில்லை.

நான் கேட்டது ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு நாலு கட்டம்: மணி என்ன, குட்டி என்ன செய்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, செய்த உடனே நாம் என்ன செய்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கவிட்டு, பேனாவை நூலில் கட்டிவிட்டார்கள். கடி, சிறுநீர், அழுகை, தூக்கம், சாப்பாடு எல்லாம் அதில் ஏற வேண்டும். யாரும் எதையும் திருத்த முயல வேண்டாம், எழுதினால் போதும் என்றேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று நினைத்தார். நியாயமான எரிச்சல்தான். ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் அது எதனால் நிற்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டுக்காரர்களின் நினைவு இதற்கு உதவாது. எரிச்சல் வந்த நேரம்தான் நினைவில் நிற்கும், குட்டி ஒழுங்காக இருந்த நேரம் மறந்துவிடும்.

நோட்டில் நாலு கையெழுத்து இருந்தது. பெண் பிள்ளை கலர் பேனாவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அப்பாவுடையது மணி மட்டும். அம்மாவுடையதில் கோபம் தெரிந்தது. உபயோகமானது பாட்டியுடையது. ஒரு மாலைக்கு அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "4 மணி தூங்கியது. பையன் எழுப்பினான். 5 தூங்கப் போனது. எழுப்பினார்கள். 6 ஆட்டம். 7 கடி."

தூக்கக் கட்டத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தூங்கும். ஜிம்மிக்குக் கிடைத்தது 12-ஐத் தாண்டவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த நிமிடத்திலிருந்து கை மாறிக் கை தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். கடி அநேகமாக எல்லாமே சாயங்காலம் 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில். காலையில் கடி என்ற பதிவே கிட்டத்தட்ட இல்லை. திமிர் பிடித்த குட்டி காலையிலும் கடித்திருக்க வேண்டுமே.

இதை நான் சொல்வதற்கு முன்பே பாட்டி சொல்லிவிட்டார். "பச்சப்புள்ளயத் தூங்க விடாம தூக்கிக்கிட்டே அலஞ்சா அது கடிக்காம என்னப்பா செய்யும்?" வந்ததிலிருந்து ஜிம்மி பாட்டியை ஒருமுறையும் கடித்ததில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அது பாசம். எனக்கு வேறு காரணம் பட்டது. பாட்டிக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார். கை மெதுவாகத்தான் அசையும். குட்டி வந்து விரலை வாயில் வைத்தால் இழுக்க மாட்டார், அப்படியே விட்டுவிடுவார். கொஞ்ச நேரத்தில் குட்டி வாயை எடுத்துக்கொண்டு அவருடைய நாற்காலிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். வீட்டில் அதற்குத் தொல்லை இல்லாத ஒரே இடம் அதுதான். பிள்ளைகளோ பல் பட்டதும் வீல் என்று கத்திக் கையை வெடுக்கென்று இழுப்பார்கள், ஓடுவார்கள். துரத்திப் பிடிக்கும் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல அழைப்பு குட்டிக்கு வேறு கிடையாது.

இப்போது சோபா. இந்த நிகழ்வில் எனக்கு அதிக வேலை வைத்தது இதுதான். நோட்டில் இதைத் தேடும்போது நாலாவது கட்டத்தை, அதாவது 'உடனே நாம் என்ன செய்தோம்' என்பதைப் படிப்படியாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நோட்டு தொடங்குவதற்கு முன்பு, வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் குட்டி வரவேற்பறை நடுவில், எல்லோர் முன்னாலும் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சத்தம், மூக்குத் தேய்ப்பு. இதிலிருந்து குட்டி என்ன கற்றிருக்கும்? வீட்டுக்குள் போகக் கூடாது என்று கற்றிருக்கும் என்பது நம் எதிர்பார்ப்பு. 'வீட்டுக்குள்', 'வெளியே' என்ற எல்லைக்கோடு அதன் தலையில் இன்னும் விழவே இல்லை. அதற்குத் தெரிந்தது, மனிதர் பக்கத்தில் இருக்கும்போது போனால் ஆபத்து என்பது மட்டும். ஆகவே ஆள் கண்ணில் படாத இடம் தேடியது. சோபாவுக்குப் பின்னால் ஒரு மெத்தென்ற விரிப்பும் கிடந்தது, சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும், காலில் தெறிக்காது. அதைவிடத் தோதான இடம் வீட்டில் இல்லை.

இதே பாடம் வெளியேயும் வேலை செய்தது. வெளியே குட்டியின் கழுத்துக் கயிறு அம்மாவின் கையில், குட்டைக் கயிறு வேறு. அதாவது மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார். போனால் ஆபத்து, அடக்கிக்கொள்கிறது. உள்ளே வந்து கயிற்றை அவிழ்த்ததும் மறைவிடத்துக்கு ஓடுகிறது. வேண்டுமென்றே செய்கிறது என்று அம்மா சொன்னாரே, உண்மையில் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் செய்துகொண்டிருந்தது குட்டி.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எப்போதாவது வெளியே போய்விட்டால், போன மறு நொடி அம்மா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். சமையல் கிடக்கும், வேலை கிடக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குட்டியின் பக்கமிருந்து பார்த்தால், புல், மண், வாசனை எல்லாம் சிறுநீர் கழித்ததும் முடிந்துபோகிறது. அப்படியானால் தள்ளிப் போடத்தானே பார்க்கும்.

"தப்புன்னு அதுக்கே தெரியுது சார், நான் சோபா பக்கம் போனாலே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குது" என்றார் அம்மா. இந்தக் 'குற்ற உணர்ச்சி முகத்தை' அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார். தொடக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினால் முகம் வருகிறது, திட்டாவிட்டால் இல்லை. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாக இருந்தது. ஜிம்மி தொங்கப் போட்டது அம்மாவின் நடையைப் பார்த்து.

விளைவு உடனே வந்தால்தான் விலங்கு அதைச் செயலோடு முடிச்சுப் போடும். உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்து இதன் அடிப்படை தெரிந்ததுதான். நல்ல விளைவைத் தந்த செயல் திரும்ப வரும். குட்டிகளோடு வேலை செய்கிறவர்களின் கணக்கில் 'உடனே' என்றால் ஒன்றிரண்டு நொடி. பத்து நிமிடம் கழித்து ஈரத்தைப் பார்த்துத் திட்டினால், அந்தத் திட்டு சிறுநீரோடு ஒட்டாது, உள்ளே வரும் அம்மாவோடு ஒட்டும். வெளியே சரியாகப் போய்விட்டு வந்த குட்டிக்கு அடுக்களையில் வந்து டப்பாவைத் திறந்து பிஸ்கட் கொடுத்தாலும் இதே கோளாறுதான். அது அடுக்களைக்கு வந்ததற்கான பரிசு.

சரி, என்ன மாற்றினோம்?

முதலில் தூக்கம். பாட்டி நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு கூண்டு வைத்து, மூன்று பக்கம் துணி போட்டு மூடினோம். ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு ஒன்றரை இரண்டு மணி நேரம் கூண்டில் ஓய்வு. கூண்டுக்குள் போவது முதலில் சாப்பாட்டோடு, கதவு திறந்தபடி. அப்புறம் ஒரு நிமிடம் சாத்தி, திறந்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டினோம். தண்டனையாக அதில் அடைக்கவே கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். தூங்கும் குட்டியைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கான ஒரே சட்டம். பாட்டி காவல். அவர் இந்த வேலையை ரொம்பவே ரசித்துச் செய்தார்.

சோபாவை நகர்த்திச் சுவரோடு ஒட்டினார்கள், விரிப்பை எடுத்தார்கள். ஈரம் பட்ட இடங்களை நொதி கலந்த கழுவு திரவத்தால் துடைத்தார்கள். அம்மோனியா கலந்தவற்றைத் தவிர்க்கச் சொன்னேன், சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். நமக்கு வாடை போனால் போதாது, குட்டியின் மூக்குக்கும் போக வேண்டும்.

வெளியே போவதற்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை, சம்பவம் பார்த்தால் போதும்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும், கூண்டில் விடுமுன்னும். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் குட்டி அடக்கக்கூடிய அதிகபட்சம் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் உண்டு. தூங்கும் குட்டிக்கு ஓரளவு பொருந்தும். விழித்து ஓடியாடும் குட்டிக்கு அதை நம்பினால் தரை நனையும்.

குட்டைக் கயிற்றுக்குப் பதில் நீளக் கயிறு. அம்மா கயிற்றின் மறு நுனியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். பேச்சு கிடையாது, 'போ, போ' கிடையாது. பையில் தின்பண்டத் துணுக்குகள் தயாராக இருக்கும். போய் முடித்த நொடியில், நடுவில் அல்ல, முடித்த நொடியில், "நல்ல பொண்ணு" என்று மெதுவாகச் சொல்லி அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஐந்து நிமிடமாவது வெளியே சுற்றவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் உள்ளே வரலாம், ஆனால் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. யார் இடுப்பிலாவது கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப வெளியே.

பயத்தைக் கழற்றுவது பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதைவிட நேரம் பிடிக்கும். முதல் சில நாள் அம்மா முகத்தைத் திருப்பி நின்றும் குட்டி போகவில்லை. பெண் பிள்ளையிடம் கயிற்றைக் கொடுத்தபோது போனது, அவள் ஒருநாளும் மூக்கைத் தேய்த்தவள் இல்லையே. அவள் நிற்க, அம்மா தூரத்தில் நிற்க, பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க என்று போய், கடைசியில் அம்மா கையிலேயே கயிறு இருக்கும்போது நடந்தது. அன்று நோட்டில் அம்மாவின் கையெழுத்து பெரிதாக இருந்தது, கூடவே ஒரு ஆச்சரியக்குறி.

கடியின் கதை வேறு மாதிரி போனது. அதைச் சொல்லுமுன் ஒன்று. 6 வயதுப் பையனின் கணுக்காலில் பல் பட்டு ரத்தம் வந்த இடம் ஒன்று காய்ந்திருந்தது. துடைத்து மருந்து தடவியதோடு விட்டிருந்தார்கள். வீட்டுக் குட்டிதானே என்று நினைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக 3 மாத வயதில்தான் போடுவார்கள், அதற்கு முன் குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தோல் கிழிந்தால், கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பையனை உடனே அழைத்துப் போகச் சொன்னேன், போனார்கள். நோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக உயிர் தப்பாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குட்டி வாயால் உலகைத் தெரிந்துகொள்கிறது. 28 பால் பற்கள், ஊசி முனை போல. மூன்றரை நாலு மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்தக் காலத்தில் கடிக்காதே என்று சொல்வதைவிட எதைக் கடிக்கலாம் என்று காட்டுவதே நடக்கிற காரியம். நனைத்து உறையவைத்த துணி முறுக்கு ஜிம்மிக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு அறையிலும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பொம்மை. பல் தோலில் பட்டால் கையை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது. அசையாமல் நின்று, எழுந்து, வாசலில் வைத்த தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் இருபது நொடி இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். கடித்தால் ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான் பாடம். வலித்தது போல் 'ஆ' என்று கத்தினால் குட்டி விட்டுவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். சில குட்டிகளிடம் பலிக்கும். ஜிம்மியிடம் அந்தச் சத்தம் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

தூக்கம் சீரானதும் கடி பாதியாகக் குறைந்தது. அப்புறம் திடீரென்று முன்னைவிட அதிகமானது. கால்சட்டையைப் பிடித்துத் தொங்கியது, குரைத்தது. "இது வேலைக்கு ஆகாது" என்று அப்பா ஃபோன் செய்தார். இப்படி ஒரு கட்டம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தேன். வழக்கமாகக் கிடைத்த ஒன்று கிடைக்காமல் போனால், விடுவதற்கு முன் ஒருமுறை முழு மூச்சாக முயன்று பார்ப்பது விலங்குகளின் இயல்பு. ஆனால் நோட்டைப் பார்த்தால் இது நாளுக்கு நாள் அடங்காமல் இழுத்துக்கொண்டே போயிருந்தது. எங்கோ யாரோ பலன் கொடுக்கிறார்கள் என்று பட்டது.

பையன் போட்டுக் கொடுத்தான். "அப்பா மட்டும் ராத்திரி கையால சண்டை போடுவாரு." வேலை முடிந்து வந்து, எல்லோரும் படுத்த பிறகு, அப்பா தரையில் உட்கார்ந்து கையை விட்டு மல்லுக்கட்டுவாராம். அவருக்கு நாளில் கிடைக்கும் சந்தோஷமான பத்து நிமிடம் அது. எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதற்குத்தான் விலங்குகள் விடாமல் முயலும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. எப்போதாவது மீன் சிக்கும் குளத்தில்தான் தூண்டில்காரர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அப்பாவின் ஆட்டத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை, கைக்குப் பதில் கயிற்றுப் பொம்மை என்று மாற்றச் சொன்னேன். பல் தோலில் பட்டால் அங்கேயும் ஆட்டம் நிற்கும். அவர் சம்மதித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. அதற்குப் பிறகு கடி இறங்கியது, திரும்ப ஏறவில்லை.

ராத்திரி அழுகைக்குப் பெரிய வைத்தியம் தேவைப்படவில்லை. உடன் பிறந்த குட்டிகளோடு ஒட்டிக்கொண்டு தூங்கிய உயிரைத் தனியாக வேறு அறையில் போட்டால் அழத்தான் செய்யும். அழுது ஓயட்டும் என்று விட்டிருந்தார்கள். ராத்திரி மட்டும் கூண்டைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். நடுவில் எழுந்தால் விளக்குப் போடாமல், கொஞ்சாமல், வெளியே அழைத்துப் போய்த் திரும்பக் கூண்டு. சில நாளில் அழுகை நின்றது, பின்பு கூண்டு ஒவ்வோர் அடியாகக் கூடத்துக்கு நகர்ந்தது.

இதற்கு நடுவில் அவசரமான ஒரு வேலை காத்திருந்தது, குடும்பம் அதைப் புகாராகவே எண்ணவில்லை. தடுப்பூசி எல்லாம் முடியும் வரை, அதாவது 16 வாரம் வரை, குட்டியை வாசலுக்கும் கழிப்பிடத்துக்கும் அப்பால் எங்கும் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பயம் நியாயமானதே. ஆனால் குட்டி புது மனிதர், புது ஓசை, புதுத் தரை எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தில் மூடிக்கொள்ளும். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துக் கண்டு 1965-இல் எழுதியது இது. 16 வாரம் காத்திருந்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதுமே கவனத்தோடு தொடங்கிவிடலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம் 2008-இல் நிலைப்பாடு வெளியிட்டது. ஜிம்மிக்கு முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஏற்கெனவே தாண்டியிருந்தது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். குடை, தொப்பி, கைத்தடி, வண்டிச் சத்தம், கைக்குழந்தை என்று தினம் ஏதோ ஒன்று, தூரத்திலிருந்து, தின்பண்டத்தோடு. குட்டி முகத்தைத் திருப்பினால் விலகிவிட வேண்டும். இதைச் செய்தவள் பெரும்பாலும் அந்தப் பெண் பிள்ளைதான். பயிற்சி என்றால் உட்கார், கை கொடு என்பதுதான் என்று நினைக்கிறோம். ஷேக்ஹேண்ட் எந்த வயதிலும் கற்றுக்கொள்ளும். இது அப்படி இல்லை.

நாலரை மாதத்தில் ஒரு சரிவு. பல வாரம் வீட்டுக்குள் ஒரு சொட்டுக்கூட விழாமல் இருந்த குட்டி கூடம் நடுவில் போனது, அதே மணி நேரத்தில் திரும்பப் போனது. "மறுபடி ஆரம்பிச்சிட்டா சார்" என்றார் அம்மா, குரலில் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. நோட்டைப் படிக்கச் சொன்னேன். ஃபோனிலேயே படித்தார். அளவு ரொம்பச் சிறிது. அடிக்கடி. எல்லோர் கண் முன்னாலும். தான் படுக்கும் துணியிலேயும். பழைய சம்பவங்கள் மறைவில் நடந்தவை, நிறைய போனவை, படுக்கையில் ஒருபோதும் நடக்காதவை. இது வேறு. பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டையானது, கிருமி சுலபமாக ஏறும். மருத்துவரிடம் போனதில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது, மருந்து முடிந்ததும் நின்றுவிட்டது. இடையில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் குட்டி திரும்ப மறைவிடம் தேடப் போயிருக்கும்.

இப்போது ஜிம்மிக்கு 7 மாதம். வெளியே போக வேண்டுமென்றால் கதவருகே போய் நின்று திரும்பிப் பார்க்கிறது. பல் தோலில் படுவது அநேகமாக இல்லை, பட்டாலும் அழுத்தமில்லை. அம்மா கையை நீட்டினால் பின்வாங்குவதில்லை, ஆனால் ஈரத் துணியோடு வேகமாக நடந்து வந்தால் இன்றும் ஒரு கணம் தயங்குகிறது. அது முழுக்கப் போகும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை. வாசல் மணி அடித்தால் வருகிறவர் மேல் தாவுகிறது, கயிற்றை இழுக்கிறது, கூப்பிட்டால் வருவது அதன் மனநிலையைப் பொறுத்தது. பருவ வயது, அப்படித்தான் இருக்கும். அடுத்து எடுத்திருப்பது 'வா' என்ற ஒரே கட்டளை. வீட்டுக்குள் நீளக் கயிற்றோடு, ஒவ்வொரு தடவையும் பரிசோடு. குளிப்பாட்டவோ கூண்டில் விடவோ அந்தச் சொல்லால் கூப்பிடக் கூடாது என்று நோட்டின் அட்டையில் பெண் பிள்ளை எழுதி ஒட்டியிருக்கிறாள். அப்பா ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டதாகப் பையன் சொல்கிறான்.